ஆறு ஞாயிறுகள், ஒரு மணித்தியாலம்

கிளிநொச்சி
25 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தாட்சாயினி,

தொலைபேசியில் பேசத் தொடங்கினால் சண்டையில் முடிகிறது என்பதை இருவரும் ஏற்றுக்கொண்டோம். கையால் எழுதி, ஒப்பமிட்டு, படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவது என்பது உம்முடைய யோசனை. அதற்கு நான் உடன்பட்டதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். ஒவ்வொரு போட்டி நாளிலும் அறைக்குத் திரும்பியவுடன் ‘வந்திட்டன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தொலைபேசிக்கு அனுப்புவது என்பது என்னுடைய நிபந்தனை. அதற்கு நீர் உடன்பட்டதையும் நினைவூட்டுகிறேன்.

விவசாயத் திணைக்களம் உமக்கு வழங்கிய கற்கை விடுமுறை அடுத்த ஆண்டு ஜூன் முப்பதாம் திகதி முடிவடைகிறது. அந்தத் திகதிவரைக்கே என் சம்மதமும்.

உம்முடைய முதற் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மண்ணின் வடிகால் பற்றிப் படிக்கப் போனவர் உதைபந்தாட்ட மைதானத்தில் ஏன் நிற்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. பல்கலைக்கழகமே தன் ஆய்வுக்கு ஒரு முதற்பிரிவுக் கழகத்தின் மைதானத்தைத் தெரிவுசெய்தது என்றும், பருவம் முடியும்வரை உமது வேலை அங்கேதான் என்றும் பின்னர் விளங்கிக்கொண்டேன். டெல்ஃபிம் என்ற பெயர் இரண்டு பக்கங்களில் ஏழு இடங்களில் வருகிறது. அவர் மைதானப் பொறுப்பாளர் என்று அறிகிறேன். வயதும் குடும்ப நிலையும் குறிப்பிடப்படவில்லை. குறையாகச் சொல்லவில்லை, விடுபட்டதைச் சுட்டிக்காட்டுகிறேன்.

உமது கழகத்தின் போட்டி அட்டவணையை அச்செடுத்துக் கந்தோர் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினெட்டுக் கழகங்கள், முப்பத்துநான்கு சுற்றுகள். அவற்றுள் பதினேழு உம்முடைய மைதானத்தில். அங்குள்ள நேரத்துடன் நான்கரை மணித்தியாலம் கூட்டினால் எங்கள் நேரம் என்பதைச் சரிபார்த்து, அட்டவணையின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதியும் வைத்திருக்கிறேன். அக்கராயனிலிருந்து காணி வழக்குக்கு வந்த ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, எங்கட தவணையும் உதுக்குள்ளையோ இருக்கு?” என்று கேட்டார்.

முரசுமோட்டையில் உமது அம்மா நலம்.

இப்படிக்கு,
நிரஞ்சன்


வட போர்த்துக்கல்
8 செப்ரெம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

ஏழு அல்ல, எட்டு. பின்குறிப்பை நீங்கள் எண்ணவில்லை.

வயது நாற்பத்துநான்கு. மனைவி பிரிந்து போய் இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. இவற்றை நான் விசாரிக்கவில்லை. இங்கே வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது மனிதர்கள் இப்படியானவற்றைத் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள். சட்டத்தரணிகளுக்கு இது கிடைக்காத வசதி.

கடந்த ஞாயிறு போட்டி மூன்றரைக்குத் தொடங்கியது. காலை ஏழு மணிக்கே நாங்கள் நான்கு பேர் மைதானத்தில். ஓர் இளம்பச்சைப் பட்டி, ஒரு கரும்பச்சைப் பட்டி என்று புல்லைச் சாய்த்து வெட்டுவார்கள். கடைசிப் பட்டியை என்னிடம் தந்தார்கள். என் பட்டி கொஞ்சம் வளைந்துபோனது. “தொலைக்காட்சியில் உலகம் முழுக்க உன் வளைவைப் பார்க்கும்” என்று டெல்ஃபிம் சொன்னார். அன்று எங்கள் கழகம் வென்றது. முதலாவது கோல் என் வளைவின் மேலாகத்தான் போனது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்த போட்டிக்கும் அப்படியே வளைத்து வெட்டச் சொல்லித் தொந்தரவு.

ஆட்டம் முடிந்த பின்னர்தான் எங்கள் உண்மையான வேலை. பாதணிகள் கிளப்பிய புற்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பல்லுள்ள இரும்புக் கவையால் நிமிர்த்தி, மணல் இட்டு, அமுக்கிவிட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைக்கிற எங்களுக்குப் புல் என்றால் பிடுங்கி வரம்பில் எறிவது. இங்கே அதற்கு விளக்கு வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கோ, சிரிப்பா.

மேசை, ஜன்னல், சாவி, அலுமாரி, கதிரை — இவர்கள் பேசுகிறபோது திடீர் திடீரென்று எங்கள் வீட்டுச் சாமான்கள் காதில் விழுகின்றன. இவர்கள் அந்தக் காலத்தில் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன சொற்கள்தானே. ஒரு கணம் எங்கள் குசினிக்குள் நிற்பது போல இருக்கும்.

அங்கே உங்களுக்குச் சாப்பாடு எப்படி? அதை நீங்கள் எழுதவில்லை. குறையாகத்தான் சொல்கிறேன்.

தாட்சாயினி


கிளிநொச்சி
17 நவம்பர் 2024

அன்புள்ள தாட்சாயினி,

உம்முடைய மூன்று கடிதங்களுக்கு ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். நீதிமன்றத்தில் வேலை அதிகம். சாப்பாடு போதுமானது.

நவம்பர் மூன்றாம் திகதிப் போட்டியின் சுருக்கக் காணொளி எனக்குக் கிடைத்தது. ஆட்டம் முடிந்த பின் கமரா மைதானத்தைச் சுற்றிவரும்போது, வலதுபக்கக் கோல் கம்பத்தருகே நீர் நிற்கிறீர். கையில் கவை. பக்கத்தில் நரை கலந்த தாடியுடன் ஒருவர். அவர் எதையோ சொல்கிறார். நீர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறீர். பதினொரு வினாடிகள். நீர் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகக் கண்டது எப்போது என்று நினைவுபடுத்த முயன்றேன். திகதி எதுவும் அகப்படவில்லை.

மேசையும் ஜன்னலும் அவர் சொல்லித்தான் உமக்கு எங்கள் வீட்டை நினைவூட்டவேண்டும் என்ற நிலை வந்திருப்பதையும் கவனத்தில் எடுத்துள்ளேன்.

இந்தப் பருவத்தைப் பற்றி நானும் வாசிக்கிறேன். முதலிடத்தில் நின்ற ஸ்போர்ட்டிங் கழகத்தின் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்ததாம். உரிய தொகை கொடுக்கப்பட்டதாம். சட்டப்படி தவறேதும் இல்லை. விட்டுச்செல்லப்பட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நிரஞ்சன்


வட போர்த்துக்கல்
3 டிசம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

அந்தப் பதினொரு வினாடிகளின் காரணம்: ஆட்டம் முடிந்து மத்தியஸ்தர் நடுமைதானத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, நேரம் தவறாக வைக்கப்பட்டிருந்த நீர்த்தெளிப்பான் அவருடைய காலடியிலேயே கிளம்பியது. எங்களுக்கு ஒரு தண்டனை உதை தர மறுத்தவர் அவர். “இது மேன்முறையீடு” என்றார் டெல்ஃபிம். அதற்குத்தான் சிரித்தேன். உங்கள் தொழில் சம்பந்தமான பகிடிதான். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

இனி என் முறை. கிளிநொச்சியில் வெள்ளம் என்று எனக்குச் சொன்னது யார்? நீங்கள் அல்ல. திணைக்களத்திலிருந்து கௌசலா எழுதினாள்: “அக்கா, உங்கட வீட்டு முன்படி மட்டுக்கும் தண்ணி. சேர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கோவைக் கட்டுகளைத் தலையில வைச்சுக் காவினவர்.” முரசுமோட்டை வயல் முழுக்கத் தண்ணீரில் தாண்டுபோனது, அம்மா நான்கு நாட்கள் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தா என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். என் சிரிப்பை வினாடிக் கணக்கில் அளந்த மனிதருக்கு இதை எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா?

அந்தச் செய்தி வந்த காலையில் நான் இங்கே மைதானத்தின் கீழ் ஓடும் வடிகாற் குழாய்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியால மழையை இருபது நிமிடத்தில் வெளியேற்றுகிற குழாய்கள். என் வயல் தண்ணீருக்குள். குழாயைப் போட்டுவிட்டு அழுதேன். டெல்ஃபிம் ஒரு கோப்பித் தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவருடைய பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதுகிறேன். எண்ணிக்கொள்ளுங்கோ.

தாட்சாயினி


கிளிநொச்சி
9 பெப்ரவரி 2025

திருமதி தாட்சாயினி நிரஞ்சன் அவர்களுக்கு,

விடயம்: சொந்த மைதானப் போட்டி நாட்களில் விளக்கமளிக்கப்படாத நேரம்

நீங்கள் தொலைபேசிக்கு அனுப்பிய ‘வந்திட்டன்’ என்ற செய்திகள் அனைத்தையும், அவை கிடைத்த நேரத்துடன், போட்டி அட்டவணையோடு ஒப்பிட்டேன். பெறப்பட்ட முடிவுகள் வருமாறு.

ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் நடுப்பகுதிவரை, மூன்றரை மணிக்குத் தொடங்கிய ஒவ்வொரு போட்டியின் பின்னரும் உங்கள் செய்தி இங்கு இரவு பதினொன்றே முக்காலை ஒட்டி வந்துள்ளது. ஆட்டம், புல் திருத்தும் வேலை, பஸ் பயணம் ஆகியவற்றுக்கு நீங்கள் எழுதிய கால அளவுகளுடன் இது முழுமையாகப் பொருந்துகிறது. அக்காலப்பகுதி தொடர்பாக எனக்கு ஐயம் எதுவும் இல்லை.

நவம்பர் 3, டிசம்பர் 1, டிசம்பர் 15, ஜனவரி 5, ஜனவரி 19, பெப்ரவரி 2 ஆகிய ஆறு ஞாயிறுகளில் போட்டி தொடங்கிய நேரம் மாறவில்லை. ஆனால் செய்தி பன்னிரண்டே முக்காலை ஒட்டியே வந்துள்ளது. ஆறு தடவையும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதம்: ஒரு மணித்தியாலம்.

ஒரு தடவை என்றால் பஸ் தவறியிருக்கலாம் என்பேன். இரண்டு தடவை என்றால் மழை என்பேன். ஆறு தடவை ஒரே அளவில் நிகழ்வது தற்செயல் அல்ல, ஏற்பாடு. அந்த ஏற்பாடு தொடங்கிய நவம்பர் மூன்றாம் திகதியே காணொளித் திகதியும் என்பதைச் சுட்டிக்காட்டுகிறேன்.

அந்த மணித்தியாலத்தில் நீங்கள் எங்கு, யாருடன் இருந்தீர்கள் என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

ந. நிரஞ்சன்
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு


வட போர்த்துக்கல்
16 பெப்ரவரி 2025

கனம் சட்டத்தரணி அவர்களுக்கு,

பதினான்கு நாட்கள் தேவையில்லை.

ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறன்று இந்த நாட்டில் எல்லா மணிக்கூடுகளையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். மார்ச் கடைசியில் திரும்ப முன்னுக்கு. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். அன்றிலிருந்து உங்களுக்கும் எனக்கும் இடையில் நான்கரை அல்ல, ஐந்தரை மணித்தியாலம். அலுமாரிக் கதவில் சிவப்பு மையால் எழுதினீர்களே, அதைத் திருத்திவிட்டு மறுபடியும் கூட்டிப் பாருங்கோ.

இதை வேறு யாரும் மறந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். நீங்கள் மறந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பில் சட்டம் படித்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஓமந்தைச் சாவடியில் சோதனை முடிந்து இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறியவுடன் மணிக்கூட்டை அரைமணி பின்னுக்குத் திருப்புவேன் என்று, கலியாணம் முடித்த புதிதில் எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே? அரசாங்கத்துக்குப் புது நேரம், இயக்கம் ஆண்ட வன்னிக்குப் பழைய நேரம். ஒரே வீதியில் இரண்டு நேரம் பார்த்து வளர்ந்த மனிதர், கடலுக்கு அப்பால் நேரம் மாறுமோ என்று ஒரு தடவை யோசிக்கவில்லை. பெண்சாதி மாறியிருப்பாள் என்பது மட்டும் உடனே தோன்றியது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் வென்றிருப்பேன். ஆனால் உங்களை வெல்லுகிற அளவுக்கு எனக்குக் கோபம் இருந்தாலும், பொய்யாக வெல்ல விருப்பமில்லை.

ஒக்ரோபர் ஆறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பட்டியலில் ஐயத்துக்கு இடமில்லாத காலப்பகுதி. அன்று உங்களுக்கு ‘வந்திட்டன்’ என்று வழமையான நேரத்தில் அனுப்பினேன். நான் அறைக்கு வந்திருக்கவில்லை. வெறுமையான பார்வையாளர் வரிசையில் டெல்ஃபிமுக்குப் பக்கத்தில் இருந்து அதை அனுப்பினேன். நீங்கள் நித்திரை கொள்ளவேண்டும் என்பதற்காக. பிறகு இன்னும் ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்தேன்.

அவர் தன் மனைவி போனதைப் பற்றிப் பேசினார். நான் என்னைப் பற்றிப் பேசினேன். வீட்டில் நான் சொல்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் காரணம் கேட்கப்படும் என்றும், பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். உங்களிடம் சொல்லவேண்டியதை இன்னொருவரிடம் சொன்னேன். அவர் என் கையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. அதுதான் உண்மையான பதில்.

இன்னொன்றும் நான் மறைத்தேன். வடிகால் ஆய்வை அடுத்த பருவத் தொடக்கம்வரை கொண்டுபோனால் நல்லது என்று பல்கலைக்கழகம் கேட்டது. டெல்ஃபிமும் கேட்டார். டிசம்பர்வரை விடுமுறையை நீடிக்கச் சொல்லித் திணைக்களத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதில் எங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும். வந்தால் சொல்லுங்கோ. இருப்பதா வருவதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

தாட்சாயினி


கிளிநொச்சி
2 மார்ச் 2025

அன்புள்ள தாட்சாயினி,

பெப்ரவரி ஒன்பதாம் திகதிய என் கடிதத்தை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் மீளப்பெறுகிறேன். அட்டவணையைக் கதவிலிருந்து உரித்துவிட்டேன். பசை போகவில்லை.

ஓமந்தையை நீர் நினைவூட்டிய இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன். இருபது வருடமாக மற்றவர்களின் சாட்சியத்தில் ஓட்டை தேடிப் பழகியவன் நான். என் கணக்கின் முதல் வரியில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. அதைவிட வெட்கம், ஒக்ரோபர் ஆறாம் திகதி. நீர் எனக்கு உண்மையாகவே பொய் சொன்ன ஒரே நாளுக்கு நான் ‘ஐயமில்லை’ என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

நீர் களைத்துவிட்டதாக எழுதிய வசனத்தைப் பலமுறை வாசித்தேன். அதற்குக் காரணம் கேட்கப்போவதில்லை. நான் உம்மிடம் கேள்வி கேட்பது உமது பதிலுக்காக அல்ல, நீர் என்னுடன் பேசிக்கொண்டிருக்கவேண்டும் என்பதற்காக. வேறு விதமாகப் பேச எனக்கு வராது. அந்த மனிதருக்கு அது வருகிறது. அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர். நானாக இருந்தால் ஏன் அழுகிறீர் என்று கேட்டிருப்பேன். அவர்மேல் எனக்குள்ள எரிச்சலின் பெரும்பகுதி அதுதான்.

நீர் கேட்ட திணைக்கள விடயம் தொடர்பாக, இப்போதைக்கு உமக்கு அறிவிக்கக்கூடிய நிலையில் என்னிடம் எதுவும் இல்லை.

வயலில் வெள்ளம் வடிந்து, எஞ்சியதை அறுத்தாயிற்று. அம்மா உம்மைக் கேட்டா.

அன்புடன்,
நிரஞ்சன்


வட போர்த்துக்கல்
18 மே 2025

அன்புள்ள உங்களுக்கு,

பருவம் நேற்று முடிந்தது. எங்கள் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பிவிட்டது. ஸ்போர்ட்டிங்குக்கே மறுபடியும் கிண்ணம். ஒரே பருவத்தில் மூன்று பயிற்சியாளர்களைக் கண்ட பின்னும். பென்ஃபிக்காவுக்கும் அவர்களுக்கும் கடைசிநாள்வரை சம புள்ளிகள். நேற்று எங்கள் ஊர்க் கடைத்தெரு முழுவதும் வேறு இரண்டு கழகங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. நான் அறையில் இருந்தேன்.

முந்தநாள் கௌசலா அழைத்தாள். அவளுடைய சொற்களை அப்படியே தருகிறேன்.

“அக்கா, நீங்கள் ஏன் ஒரு பதிலும் போடேல்லை? விடுமுறை நீடிக்கச் சம்மதமெண்டு பெப்ரவரி மாசமே கடிதம் அனுப்பினது. ஏப்ரல் முப்பதுக்கு முன்னம் உறுதிப்படுத்தச் சொல்லியும் இருந்தது. நீங்கள் பேசாமல் இருந்தபடியால் கோவையை மூடிப்போட்டினம்.”

“எனக்கு ஒரு கடிதமும் வரேல்லையே, கௌசலா.”

“வந்திருக்கு அக்கா. பதிவுத் தபால். பெப்ரவரி இருபத்துநாலு. பெற்றுக்கொண்ட அட்டை கோவையில கிடக்கு. சேரின்ர கையெழுத்து.”

ஓம் அல்லது இல்லை என்று கேட்கப்போவதில்லை. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். மார்ச் இரண்டாம் திகதிக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். ‘அறிவிக்கக்கூடிய நிலையில் என்னிடம் எதுவும் இல்லை.’ எவ்வளவு கவனமான வசனம். நீதிமன்றத்தில் அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்கமாட்டார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மார்ச் கடிதத்தை வாசித்த அன்றே நான் தீர்மானித்தேன்: நீடிப்புக் கிடைத்தாலும் வேண்டாம் என்று எழுதிவிட்டு ஜூனில் வருவதென்று. நான் பேசிக்கொண்டிருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கேள்வி கேட்பதாக எழுதியிருந்தீர்களே, அதற்காக. டெல்ஃபிமிடமும் பல்கலைக்கழகத்திலும் சொல்லியும்விட்டேன். “உன் வளைந்த பட்டியை இனி யார் வெட்டுவது?” என்று மட்டும் டெல்ஃபிம் கேட்டார். வேண்டாம் என்ற கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, திணைக்களத்தின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அதைச் சொல்லாமல் வந்து இறங்கவேண்டும் என்றும் ஆசை.

உங்களுக்காக நான் ஒன்றை விட்டுவரப் பார்த்தேன். நீங்கள் அதை முன்னமே என்னிடமிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டீர்கள். இனி நான் வந்தால், வேறு வழியில்லாமல் வந்தவளாகத்தான் வருவேன்.

ஆகையால் எனக்கு அந்த நீடிப்பு வேண்டும். கோவையைத் திறப்பதற்குத் தாமதத்துக்கான காரணத்தைச் சத்தியக்கடதாசியாகத் தரவேண்டும் என்று கௌசலா சொல்கிறாள். அதை நீங்கள் எழுதவேண்டும். உண்மையான காரணத்துடன். நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதன்பின் இருப்பதா வருவதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாட்சாயினி


கிளிநொச்சி
1 ஜூன் 2025

அன்புள்ள தாட்சாயினி,

சத்தியக்கடதாசியின் பிரதி இத்துடன் உள்ளது. சம்பந்தப்பட்ட பந்திகளைக் கீழேயும் தருகிறேன்.

‘கிளிநொச்சியைச் சேர்ந்த நடராசா நிரஞ்சன் ஆகிய நான், ஓர் இந்துவாதலால், இத்தால் பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது:

என் மனைவியின் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை 2025 பெப்ரவரி 24ஆம் திகதி நான் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொண்டேன். அதைத் திறந்து வாசிக்க எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. திறந்து வாசித்தேன்.

அக்கடிதத்தை எண்பத்துமூன்று நாட்கள் அவருக்குத் தெரிவிக்காமல் என் வசம் வைத்திருந்தேன். அது பற்றி அவர் எழுத்தில் கேட்டிருந்தும், அவரைத் தவறாக எண்ணச் செய்யும் நோக்குடன் ஒரு வசனத்தை எழுதினேன்.

இத்தாமதத்துக்கு என் மனைவியோ, திணைக்களமோ, தபால் சேவையோ எவ்விதத்திலும் பொறுப்பல்ல. காரணம், அவர் அங்கு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதன் மீதும், அம்மகிழ்ச்சியைக் கண்ணால் காண்கிற ஒருவர் மீதும் எனக்கு ஏற்பட்ட பொறாமை.’

என் சத்தியக்கடதாசியை நானே அத்தாட்சிப்படுத்த முடியாது என்பதால் சமாதான நீதவான் கதிர்காமநாதன் அண்ணரிடம் கொண்டுபோனேன். ஓய்வுபெற்ற தபாலதிபர் என்பது உமக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை, கழற்றித் துடைத்துப் போட்டு மறுமுறை வாசித்தார்.

“தம்பி, உதை ஏன் உப்பிடி எழுதுறீர்? தபால் பிந்திப்போச்சு எண்டு போடுமன். முப்பத்தெட்டு வருசம் அந்தப் பழியைக் காவினனான். இன்னொண்டு ஏறினால் பாரமே?”

“இல்லை அண்ணை. இருக்கிறபடி இருக்கட்டும்.”

“காணிச் சண்டையில ஆயிரம் கடதாசிக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன். எல்லாம் பொறாமைதான். ஆனால் ஒருத்தனும் அதை எழுதிக்கொண்டு வந்ததில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆர் தம்பி அந்த ஆள்? இஞ்சத்தையான் ஆளோ?” என்றார்.

“போர்த்துக்கல்லில புல்லு வெட்டுறவர்.”

அவர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “புல்லு வெட்டுறவனோ?” என்றார். “அவனுக்கோ நீர் பயந்தனீர்?” கடதாசியை அவர் பக்கம் நகர்த்தினேன். ஓம் என்றுதான் பதில்.

முத்திரை குத்தும்போது அவருடைய மகள் தேத்தண்ணியுடன் வாசலில் நின்றா. மறுநாள் நீதிமன்ற வளாகத்தில் இரண்டு சட்டத்தரணிகள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். எதிர்பார்த்ததுதான். செவ்வாய்க்கிழமை திணைக்களத்துக்கு நானே கொண்டுபோனேன். கௌசலா அதை வாங்கி, நான் நிற்கும்போதே வாசித்தா. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லவில்லை.

விடுமுறை டிசம்பர் 31ஆம் திகதிவரை நீடிக்கப்பட்டுள்ளது. உத்தரவின் பிரதியையும், மறைத்து வைத்திருந்த மூலக் கடிதத்தின் படத்தையும் இணைத்துள்ளேன். ஒக்ரோபர் ஆறாம் திகதியைப் பற்றி இனி ஒருபோதும் கேட்கமாட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். அந்த வாக்குறுதியை என்னால் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை. ஆகவே எழுதவில்லை.

நீர் இருப்பதா வருவதா என்பது முழுமையாக உமது தீர்மானம். இவ்விடயத்தில் நான் எதையும் கேட்கவில்லை.

மேலுள்ள வசனம் உண்மையல்ல. வாரும். கேட்கிறேன்.

நிரஞ்சன்


வட போர்த்துக்கல்
9 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாம் கிடைத்தன. கடைசிப் பந்தியைப் பல தடவை வாசித்தேன். பத்து வருடத்தில் நீங்கள் என்னிடம் காரணம் கேட்டிருக்கிறீர்கள், விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், நேரம் கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒன்றை இப்போதுதான் கேட்கிறீர்கள்.

ஜூன் இருபத்தெட்டாம் திகதி வருகிறேன். ஓகஸ்ட் முதல் வாரம் அடுத்த பருவத்துக்குத் திரும்பிப் போவேன். டிசம்பரில் ஆய்வு முடியும். நீங்கள் கேட்டபடியால் வருகிறேன். நீங்கள் மறைத்தபடியால் திரும்பிப் போகிறேன். இரண்டையும் நானேதான் தீர்மானித்தேன். டெல்ஃபிமிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கமுன் நானே சொல்கிறேன்: கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அதைக் கண்டு எனக்கும் கொஞ்சம் கவலைதான். இதையும் வைத்துக்கொண்டு என்னோடு ஐந்து கிழமை இருக்க உங்களால் முடியுமென்றால், கட்டுநாயக்காவுக்கு வாங்கோ. விமானம் காலை எட்டேகாலுக்கு.

முடியாதென்றால் வரவேண்டாம். நான் ரெயிலில் முரசுமோட்டைக்கு, அம்மாவிடம் போகிறேன்.

தாட்சாயினி